குன்னூரில் கிடைத்த மூன்று பெட்டி குதிரைப் புத்தகங்கள்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

#1 – லவ்டேல்வாசி

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். போன வாரம் குன்னூரில் ஒரு பழைய பங்களாவை இடிப்பதற்காகக் காலி செய்தார்கள். சாமான்கள் காயலான் கடைக்கு வந்த அன்று நான் அந்தப் பக்கம் போனது தற்செயல். ஏதோ எஸ்டேட் கணக்கு நோட்டு என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தால், உள்ளே முழுக்கக் குதிரை. மூன்று பெட்டிக்கும் சேர்த்து 2,200 ரூபாய் கொடுத்துத் தூக்கி வந்துவிட்டேன். வீட்டில் விழுந்த திட்டு தனிக் கணக்கு.

உள்ளே இருந்தவை: இங்கிலாந்து ரேஸிங் கேலண்டர் (வருடா வருடம் வந்த பந்தய விவரத் தொகுப்பு), 1880களில் மூன்று தொகுதி மட்டும். பந்தயக் குதிரைகளின் வம்சாவளிப் பதிவேடான ஜெனரல் ஸ்டட் புக் ஒன்று. யூவாட் எழுதிய 'தி ஹார்ஸ்', அட்டை கழன்றது. 'பிளாக் பியூட்டி', ஆண்டு போடாதது, உள்ளே பள்ளிப் பரிசுச் சீட்டு ஒட்டியிருக்கிறது. கேப்டன் ஹேய்ஸ் எழுதிய 'ட்ரெயினிங் அண்ட் ஹார்ஸ் மேனேஜ்மென்ட் இன் இந்தியா', கல்கத்தா தாக்கர் ஸ்பிங்க் வெளியீடு, ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். தனியாக ஒரு வேட்டைப் படம், வண்ணத்தில். இவை போக 1950, 60களின் ஊட்டி சீசன் ரேஸ் புக் (அன்றன்று ஓடும் குதிரைகளின் பட்டியல்) நாற்பது சொச்சம், சணலால் கட்டியது. அது குப்பைதான் என்று நினைக்கிறேன், ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை.

எதற்கு மதிப்பு? எதை வைத்துக்கொள்ளலாம்? ரேஸ் புக் எல்லாவற்றையும் ஒரே புத்தகமாகக் கட்டித் தரச் சொல்லி திங்கட்கிழமையே பைண்டிங் கடையில் கொடுத்துவிட்டேன். ஹேய்ஸையும் கூடவே.

#2 – பரிமேலழகர்

நல்ல வேட்டை. முதலில் கசப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ரேஸிங் கேலண்டர் வெதர்பி குடும்பத்தார் 1773 முதல் போட்டு வந்தது. வரிசையாக இருந்தால் ராஜா, நடுவிலிருந்து மூன்று என்றால் தேர்ச்சக்கரத்தில் ஓர் ஆணி. ஸ்டட் புக்கும் அப்படித்தான். அதன் அறிமுகத் தொகுதி 1791-லும் முதல் தொகுதி 1793-லும் வந்தன. அந்தப் பழையவை கிடைத்தால் எனக்குச் சொல்லாமல் விற்காதீர்கள். பின்னால் வந்தவை தனித்தனியாக எங்கும் கிடைக்கும். ஆனால் படிக்க அலுக்காது. இன்றைய பந்தயக் குதிரை எதுவானாலும் தந்தை வழியே பின்னால் போனால் பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்றில் ஒன்றில்தான் போய் நிற்கும். சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸில் ஓடிய குதிரைகளும் அந்த வம்சம்தான்.

யூவாட் 1831-ல் வந்தது. மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு. அட்டை வேறு இல்லை என்கிறீர்கள். விடுங்கள், வைத்துப் படியுங்கள்.

'பிளாக் பியூட்டி' முதல் பதிப்பு லண்டனில் ஜாரோல்ட் போட்டது, 1877 நவம்பர். அடுத்த ஏப்ரலில் அதை எழுதிய அன்னா சூவெல் இறந்துபோனார். தன் புத்தகம் எத்தனை வண்டிக் குதிரைகளின், தலையை வலிந்து தூக்கி நிறுத்தும் வாரைத் தளர்த்தியது என்று அவர் பார்க்கவேயில்லை. உங்களுடையது பள்ளிப் பரிசுப் பதிப்பு. பேரப்பிள்ளைக்குக் கொடுங்கள்.

வேட்டைப் படத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நிறம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பிற்கால அச்சு, காலண்டர் ரகம். நிறம் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்து, புள்ளியே இல்லாமல் இருந்தால் கையால் தீட்டியது. அப்படியென்றால் ஹென்றி ஆல்கன் மாதிரி யாராவது வரைந்த புத்தகத்திலிருந்து பிய்த்ததாக இருக்கலாம். 1842-ல் வந்த 'தி லைஃப் ஆஃப் எ ஸ்போர்ட்ஸ்மேன்' என்ற ஒரே புத்தகத்தில் ஆல்கனின் படங்கள் 36. ஒவ்வொன்றாகக் கிழித்துச் சட்டம் போட்டு விற்றால் முழுப் புத்தகத்தை விட லாபம் என்று வியாபாரிகள் கண்டுபிடித்த நாளிலிருந்து முழுப் பிரதிகள் அருகிக்கொண்டே வருகின்றன. என்னைக் கேட்டால் அது கசாப்பு வேலை.

ஹேய்ஸ் நல்ல புத்தகம். ராணுவத்தில் இருந்தவர், இந்தியாவிலேயே குதிரை பழக்கியவர். அவருடைய 'வெட்டினரி நோட்ஸ்' 1877-ல் வந்து, நூறு வருடம் தாண்டியும் திருத்தித் திருத்தி அச்சில் இருந்தது. ஆனால் பென்சில் கிறுக்கல் என்றால் விலை இறங்கும். நல்ல ரப்பர் வாங்கி மெதுவாக அழித்துப் பாருங்கள்.

#3 – கொள்ளு_ரசம்

பரிமேலழகர் ஐயா சொன்னதில் முக்கால்வாசிக்குக் கும்பிடு. கால்வாசிக்குச் சண்டை.

லவ்டேல் அண்ணா, அந்த ரேஸ் புக் கட்டைக் குப்பை என்று எழுதினீர்களே, படித்ததும் பகீர் என்றது. ஸ்டட் புக் லண்டனில் இருக்கும், கல்கத்தாவில் இருக்கும், இணையத்தில் ஸ்கேனாகவும் இருக்கும். 1957 மே மாதம் ஏதோ ஒரு சனிக்கிழமை ஊட்டியில் ஓடிய குதிரைகளின் பட்டியல் யாரிடம் இருக்கும்? அன்றைக்குக் கையில் சுருட்டிப் பிடித்து, ரேஸ் முடிந்ததும் தரையில் போட்டு மிதித்துவிட்டுப் போகிற சாமான் அது. யாரும் பாதுகாக்க மாட்டார்கள் என்பதால்தான் அது அபூர்வம்.

என் அப்பா சீசன் தோறும் ஊட்டி லாயத்தில் வேலை பார்த்தவர். ஏப்ரல் 14 வந்தால் எங்களுக்குச் சித்திரைக் கனியைவிட முதல் ரேஸ்தான் பெரிது. கிண்டியிலிருந்து லாரியில் குதிரைகள் மேலே வரும். பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்களுக்குப் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸ். 1886-ல் தொடங்கியது என்பார்கள். 2024 ஜூலையில் அந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. வழக்கு வாடகை பற்றியெல்லாம் நான் பேச வரவில்லை, வேறு இழையில் அடித்துக்கொள்ளுங்கள். இனி அந்த ஓட்டத்துக்கு மிச்சம் இந்த மாதிரிக் காகிதம்தான்.

அதில் பென்சிலால் 1, 2, 3 என்று குதிரை பெயருக்குப் பக்கத்தில் குறித்திருக்கிறதா? பாருங்கள்.

#4 – நல்லதே_நடக்கும்

மன்னிக்கவும், எல்லோரும் குதிரை குதிரை என்று உருகுகிறீர்கள். ரேஸ் புக் என்றால் எங்கள் தெருவில் தாலி அடகு வைத்த கதைதான் ஞாபகம் வரும். இதையெல்லாம் அபூர்வம் என்று அலமாரியில் வைக்க வேண்டுமா? எரித்தால் குளிராவது காயலாம், ஊட்டிதானே.

#5 – கொள்ளு_ரசம்

உங்கள் கோபம் எனக்குப் புரியாததில்லை. எங்கள் பெரியப்பா கேத்தியில் இருந்த அரை ஏக்கரைக் குதிரைக் காலில் கட்டிவிட்டார். அவர் வைத்திருந்த ஒரு ரேஸ் புக் இன்னும் எங்களிடம் இருக்கிறது. பின்னட்டையில் மளிகைக் கடன், பால் பாக்கி, அதற்குக் கீழே நாலாவது ரேஸில் போட்ட தொகை. எங்கள் வீட்டில் அந்த வருடம் என்ன நடந்தது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அதை எரித்தால் அரை ஏக்கர் திரும்பியா வரும்?

#6 – பரிமேலழகர்

நல்லதே_நடக்கும், நீங்கள் சொல்வதைத்தான் அரசும் ஒரு காலத்தில் சொன்னது. 1974-ல் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். 1986-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் வந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் திறமையே பிரதானம், அது சூதாட்டம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. குதிரை, ஜாக்கி, எடை, வம்சம் எல்லாம் பார்த்துக் கணிக்கிற வேலையாம். கணித்தவர்கள் எத்தனை பேர் வீடு கட்டினார்கள் என்று தீர்ப்பில் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் சூதா, திறமையா என்ற அந்த விவாதத்துக்கே அடிப்படை ரேஸ் புக்கில் இருக்கிற விவரங்கள்தான்.

கொள்ளு_ரசம் தம்பியிடம் ஒரு பாதி தோற்றுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அச்சிட்ட எண்ணிக்கை அதிகம், பிழைத்த எண்ணிக்கை குறைவு. சேகரிப்பில் விலை ஏறுவது பிழைத்த கணக்கில்தான்.

#7 – தையல்_கட்டு

எல்லோரும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். நான் முப்பது வருடமாகப் புத்தகம் கட்டுகிறவன்.

லவ்டேல்வாசி சார், பைண்டிங் கடையில் கொடுத்துவிட்டேன் என்று முதல் பதிவின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். யாருமே அதைக் கவனிக்கவில்லை. சாதாரணக் கடையில் என்ன செய்வார்கள் தெரியுமா? பழைய அட்டையைப் பிரிப்பார்கள், மடிப்பு முதுகை ராவுவார்கள், மேல், கீழ், பக்கவாட்டு என மூன்று ஓரத்தையும் கட்டிங் மிஷினில் கொடுத்துச் சமமாக வெட்டுவார்கள், அப்புறம் காலிகோ என்ற அட்டைத் துணியை ஒட்டித் தருவார்கள். பார்க்க ஜோராக இருக்கும். ஓரத்தில் இருக்கிற பென்சில் எழுத்து குப்பைக் கூடையில் இருக்கும்.

உடனே போன் போடுங்கள். எடுக்கவில்லையென்றால் நேரில் ஓடுங்கள். ரப்பரும் வேண்டாம். பரிமேலழகர் ஐயா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

#8 – லவ்டேல்வாசி

இப்போதுதான் வந்தேன். மழையில் ஓடினேன்.

ரேஸ் புக் போச்சு. அதாவது, இருக்கிறது. பச்சைக் காலிகோவில், தங்க எழுத்தில் 'ஊட்டி ரேஸ்' என்று போட்டு, செங்கல் மாதிரி அழகாகக் கட்டியிருக்கிறார்கள். ஓரம் கால் அங்குலத்துக்கு மேல் போய்விட்டது. சில பக்கங்களில் பாதி 2, பாதி 3 தெரிகிறது. கொள்ளு_ரசம் கேட்டாரே, குறித்திருக்கிறதா என்று. குறித்திருந்தது தம்பி.

கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை. நீட்டாகக் கட்டிக் கொடுங்கள் என்று சொன்னதே நான்தான்.

ஹேய்ஸ் தப்பித்தது. அதற்குப் போடக் காலிகோ தீர்ந்துபோய் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டுமாம். காலிகோ வராததால் ஒரு புத்தகம் பிழைத்தது.

#9 – தையல்_கட்டு

வருத்தமாக இருக்கிறது சார். சரி, ஹேய்ஸ் இருக்கிறதே. இனி அதற்குச் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது.

அட்டை கழன்றிருந்தால் பருத்தி நாடாவால் குறுக்கே கட்டி வையுங்கள், போதும். செலோ டேப் கூடவே கூடாது. பத்து வருடத்தில் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். ஃபெவிகாலும் வேண்டாம், ஒட்டினால் பிறகு பிரிக்க முடியாது. நாங்கள் மைதா பசை காய்ச்சுவோம். பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் (செம்பு உப்பு) சேர்ப்பது எங்கள் தாத்தா காலத்துப் பழக்கம். செம்பு தாளை நாளாவட்டத்தில் அரித்துவிடும் என்று தெரிந்த பிறகு நான் நிறுத்திவிட்டேன்.

பழுப்புப் புள்ளிகளை வெளுக்க வைக்கிறேன் என்று பிளீச்சிங் பக்கம் போகாதீர்கள். வயதானால் முகத்தில் மங்கு விழுவதில்லையா, அப்படித்தான்.

#10 – கோடை_மேகம்

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். உங்கள் ஊருக்கும் எங்கள் ஊருக்கும் புத்தகத்துக்கு ஒரே எதிரி, ஈரம். ராமபாணப் பூச்சி, பூஞ்சை இரண்டும் அதன் பிள்ளைகள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஜூன் மழை விட்டால் அக்டோபர் மழை, இடையில் மூடுபனி.

பழைய ஆட்கள் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு எரியவிடுவார்கள். கோட்டுக்கு அது சரி, புத்தகத்துக்கு ஒரு பக்கம் காய்ந்து அட்டை வளையும். நான் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஒரு சின்ன ஈரமானியும் வைத்திருக்கிறேன். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். யூகலிப்டஸ் தைலத்தைத் தாளில் தடவச் சொல்லி யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் அவரை பிளாக் செய்யுங்கள். எண்ணெய்க் கறை போகவே போகாது. பூச்சி இருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி டீப் ஃப்ரீசரில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டால்தான் வியர்வை பையோடு நிற்கும்.

இன்னொன்று. இந்த இழையைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து யாராவது டாலரில் விலை பேசுவார்கள். நூறு வருடம் தாண்டிய பொருட்கள் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரலாம். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருடமே போதும். தனியார் அவற்றை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. தொல்லியல் துறையிடம் இது தொல்பொருள் அல்ல என்று சான்று வாங்காமல் கூரியரில் போட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்து வரவழைப்பதற்கும் கணக்கு இருக்கிறது. 2019 பட்ஜெட்டில் அச்சுப் புத்தக இறக்குமதிக்கு 5 சதவீத சுங்கம் போட்டார்கள்.

புத்தகத்தில் ஏதாவது நூலக முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இருந்தால், நீக்கப்பட்டது என்ற முத்திரையும் கூட இருக்க வேண்டும். இல்லையென்றால் அது யாரோ திருப்பித் தராத புத்தகம்.

#11 – நல்லதே_நடக்கும்

ஐயா, சண்டையை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும். இந்தத் துறையில் ஏமாற்று எப்படி?

#12 – பரிமேலழகர்

இதற்குத்தான் காத்திருந்தேன். நரியைப் பரியாக்கிய கதை நம் மதுரைக் கதைதானே. வாங்கும்போது பரி, வீட்டுக்கு வந்து ராத்திரியானதும் நரி. பழைய புத்தகச் சந்தையிலும் அதேதான்.

பெரிய உதாரணம் ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸின் 'தி அனாட்டமி ஆஃப் தி ஹார்ஸ்', 1766. லிங்கன்ஷையரில் ஒரு பண்ணை வீட்டில் மாதக்கணக்கில் செத்த குதிரைகளைக் கட்டித் தொங்கவிட்டு, தோல் தோலாக, தசை தசையாக உரித்து வரைந்தவர். செதுக்கித் தர ஆள் கிடைக்காமல் தகடுகளையும் தானே செதுக்கினார். பிரச்சினை எங்கே என்றால், தலைப்புப் பக்கத்தில் 1766 என்றே இருக்கும், படங்கள் பிற்காலத் தாளில் அச்சானதாக இருக்கும். தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீரெழுத்து தெரியும். சில தாள்களில் ஆண்டும் உண்டு. அது 1766-க்குப் பிந்தையது என்றால் நரி வாலை ஆட்டிவிட்டது. அதற்காக மட்டம் என்று அர்த்தமில்லை, விலை வேறு, அவ்வளவுதான். படம் மட்டும் போதுமென்றால் டோவர் பதிப்பகம் போட்ட மலிவுப் பதிப்பு இருக்கிறது. என்னிடம் இருப்பது அதுதான். இத்தனை நாள் பெருமையடித்ததற்கு மன்னிக்கவும்.

நம் பக்கத்துப் புத்தகம் வேண்டுமென்றால் தஞ்சை சரஸ்வதி மகால் 1952-ல் வெளியிட்ட, பாண்டவர் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தேடுங்கள், வண்ணப் படங்களோடு. ஊட்டி வேட்டைக்கு 1908-ல் பிரைஸ் எழுதிய ஊட்டி வரலாறு. இங்கிலாந்து நரி கிடைக்காத ஊரில், ஊட்டிப் பக்கத்து வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குள்ளநரியைத் துரத்தின கூட்டத்தைப் பற்றி அதில் நிறைய உண்டு. மறுபதிப்பே போதும்.

#13 – லவ்டேல்வாசி

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை, ஹேய்ஸோடு உட்கார்ந்தேன். பென்சில் எழுத்து ஆங்கிலம் என்று நினைத்திருந்தேன், இல்லை. தமிழ். தீனி பற்றிய அத்தியாயம் முழுக்க ஓரத்தில் தமிழ்.

மேலே 'கருப்பி' என்று ஒரு பெயர், அடிக்கோடு. அதன் கீழே வரிசையாக:

கொள். உ வ
தவி. க
உப்பு ஒரு பிடி

இன்னும் ஏழெட்டுப் பக்கத்தில் இதே மாதிரி. சில இடத்தில் அச்சிட்ட வரியையே அடித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள். 'உ' பிள்ளையார் சுழியாக இருக்கும். 'வ' எழுதியவருடைய இனிஷியலா? உ.வ. என்று யாராவது?

#14 – தையல்_கட்டு

பிள்ளையார் சுழியை யாராவது கொள்ளுக்குப் பக்கத்திலா போடுவார்கள் சார்?

அது எண். க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு. வ என்பது கால். எங்கள் தாத்தா கணக்கு நோட்டில் பார்த்திருக்கிறேன். கொள்ளு இரண்டேகால், தவிடு ஒன்று. படிக் கணக்காக இருக்கும்.

#15 – பரிமேலழகர்

இதை அழிக்கச் சொன்ன ரப்பர்க்காரன் நான். பதிவு 2-ஐத் திருத்தாமல் அப்படியே விட்டு வைக்கிறேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

துரை எழுதிய புத்தகத்தில் துரையின் வரியை அடித்துவிட்டுக் கொள்ளுக் கணக்கை எழுதியவர், தினமும் தீனி வைத்த கையாகத்தான் இருக்க வேண்டும். ஹேய்ஸ் பிரதிகள் இன்னும் பல கிடைக்கும் ஐயா. கருப்பி இருக்கிற பிரதி இது ஒன்றுதான்.

#16 – கொள்ளு_ரசம்

அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். வயது எண்பத்திரண்டு, காது கொஞ்சம் மந்தம், மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. "கருப்பின்னா ரேஸ் புக்கில வேற பேரு இருக்கும்டா, இது லாயத்துப் பேரு" என்றார். இங்கிலீஷ் பேரு ஜாக்கிக்கும் புக்கிக்கும், இது நமக்கு என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார், எனக்குப் பதில் தெரியவில்லை: இரண்டேகால் படி, வேகவைப்பதற்கு முன்னாலா, வெந்த பிறகா? முன்னால் என்றால் பந்தயத்துக்குத் தயார் செய்கிற குதிரையாம். வெந்த பிறகு என்றால் சும்மா நிற்கிற குதிரைக்கான அளவாம்.

அண்ணா, மற்றப் பக்கங்களில் 'வெ' (வெந்தது) என்றோ 'ப' (பச்சை) என்றோ பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா?

#17 – லவ்டேல்வாசி

ஒரு பக்கத்தில் 'ப' மாதிரி ஒன்று இருக்கிறது, கறைக்கு நடுவில். எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. அப்பாவே பார்க்கட்டும். சனிக்கிழமை மழை இல்லையென்றால் கொண்டுவரட்டுமா? பச்சைச் செங்கல்லையும் எடுத்து வருகிறேன். வெட்டுப்படாத பக்கங்களில் கருப்பியின் இங்கிலீஷ் பேரு இருந்தாலும் இருக்கும்.

#18 – கொள்ளு_ரசம்

வாங்க அண்ணா. காலை பத்து மணிக்கு மேல் வாங்க, வெயில் அப்போதுதான் திண்ணைக்கு வரும். அப்பாவுக்கு அந்த வெளிச்சம் இல்லாமல் பென்சில் எழுத்துத் தெரியாது. புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவரில் போடாமல் துணிப்பையில் கொண்டுவாங்க.